பார்க்கின்சன் உள்ளவர் விழக்கூடுமா? வீட்டிலிருந்தே முன்கூட்டிக் கணிக்கும் வழி

அப்பா ஒரே வருடத்தில் நான்கு முறை விழுந்திருக்கிறார் என்பது, ஐந்தாவது முறை விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் முறை குளியலறையில். சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியபோது "ஒன்னுமில்லம்மா, வாளி சாஞ்சிருச்சு" என்றார். இரண்டாவது முறை டீக்கடையிலிருந்து மாடி ஏறி வரும்போது. தூக்கிவிட்ட பக்கத்து வீட்டு பர்மியப் பையனிடம், வீட்டில் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற இரண்டும் அம்மாவுக்குத் தெரியும். நான் பயந்துவிடுவேன் என்று அம்மா வாயே திறக்கவில்லை. ஐந்தாவது முறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "இதுக்கு முன்னாடி விழுந்திருக்காரா?" என்று டாக்டர் கேட்டார். நான் அடித்துச் சொன்னேன், இல்லை என்று. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கின்சன் உள்ள ஒருவர் அடுத்த சில மாதங்களில் விழுவாரா என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அளவு நாடா, கைபேசியில் உள்ள நிறுத்து கடிகாரம், ஒரு நோட்டு, அப்புறம் வீட்டில் எல்லோரும் உண்மையைப் பேசுவது, இவ்வளவும் போதும். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது. பர்மாவில் நம்மவர்கள் பலர் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஊரிலிருந்து ரங்கூனுக்கோ மண்டலேக்கோ வர வேண்டியிருக்கிறது. டாக்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எப்படித் திரட்டி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள். இதில் எதுவும் டாக்டரின் வேலைக்கு மாற்று ஆகாது.

முதலில் ஏன் விழுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. நாம் யோசிக்காமலே செய்யும் அசைவுகளை, அதாவது நடக்கும்போது கை வீசுவது, தடுக்கினால் சட்டென்று ஒரு அடி எடுத்து வைத்து நிலைகொள்வது போன்றவற்றை, மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் அது குறைந்துகொண்டே போகிறது. அடி சிறுக்கிறது, உடம்பு முன்னால் வளைகிறது, சாயும்போது தாங்கிப் பிடிக்கும் அனிச்சை மந்தமாகிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே, நடை தானாக ஓட்டமாக மாறிவிடுவதைக் குறித்திருக்கிறார். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை விறைப்பையும் மெதுவையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் சமநிலை தவறுவதை அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. "மாத்திரைதான் போடுறாரே, அப்புறம் ஏன் விழுறார்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இதுதான் பதில்.

முதல் படி: விழுந்த கணக்கை எடுங்கள்

மூன்று கேள்விகளை வைத்துத்தான் கணிக்கப் போகிறோம். அவற்றில் இதுதான் மிகவும் கனமானது. கடந்த 12 மாதத்தில் விழுந்தாரா?

விழுவது என்றால் எது என்று முதலில் வீட்டில் ஒத்துக்கொள்ள வேண்டும். நினைக்காமல் தரைக்கோ, இருந்த மட்டத்துக்குக் கீழேயோ போய்ச் சேர்ந்தால் அது விழுதல். அடிபட வேண்டும் என்பதில்லை. கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தது, மாடிப்படியில் பின்னால் சாய்ந்து பொத்தென்று அமர்ந்தது எல்லாம் கணக்கில் சேரும். "அது விழுந்ததில்ல, உக்காந்தேன்" என்பார் அப்பா. அதையும் எழுதுகிறேன்.

ஒரு வருடத்தை யாராலும் அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் திருநாட்களைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பொங்கலுக்கும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கும் நடுவில் ஏதாவது? மழை பிடித்த பிறகு? தீபாவளி சமயத்தில்? இப்படிக் கேட்டபோதுதான் டீக்கடைக் கதையே வெளியில் வந்தது. அவரிடம் மட்டும் கேட்காதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், பேரப்பிள்ளைகளிடம், கீழ்வீட்டுக்காரரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் மறைப்பதில்லை.

கேட்கிற தொனி முக்கியம். "எத்தனை தடவ சொல்றது, பாத்து நடங்கன்னு!" என்று ஒரு முறை கத்திவிட்டால் அடுத்த விழுதலை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். நான் கத்தியிருக்கிறேன், அதன் விலையையும் கொடுத்திருக்கிறேன். இப்போது அவர் விழுந்ததைச் சொன்னால் முதலில் "சொன்னீங்களே, நல்லதுப்பா" என்கிறேன். மற்றதெல்லாம் பிறகு.

விழாமல் தப்பியதையும் எழுதி வையுங்கள்: சுவரைப் பிடித்துக்கொண்டது, நீங்கள் தோளைப் பிடித்து நிறுத்தியது. மூன்று கேள்விக் கணக்கில் இவை சேராது. ஆனால் விழப்போகும் இடம் எது என்பதை இவை காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் படி: கால் உறைகிறதா?

கடந்த ஒரு மாதத்தில், நடக்க நினைத்தும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றதா? இதைச் சொல்லால் கேட்டால் பலருக்குப் புரிவதில்லை. எழுந்து நின்று செய்து காட்டுங்கள்: உடம்பு முன்னால் போகிறது, பாதம் மட்டும் நகராமல் அதே இடத்தில் நடுங்குகிறது. "ஆமா, இதேதான்!" என்று முகம் மலர்ந்து சொல்வார்கள்.

உறைதல் பெரும்பாலும் சில இடங்களில்தான் வரும். கதவு நிலை, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே உள்ள இடுக்கு, திரும்பும் இடம், நடக்கத் தொடங்கும் முதல் அடி. அவசரப்படுத்தினால் இன்னும் எளிதாக வரும். தொலைபேசி மணி அடித்தாலோ, பஸ்ஸில் நடத்துநர் சத்தம் போட்டாலோ கால் நின்றுவிடும். மாத்திரையின் வேகம் அடங்கும் நேரத்திலும் அதிகம்.

டாக்டர் அறையில் மட்டும் இது பெரும்பாலும் வராது. அங்கே அவர் முழுக் கவனத்தையும் காலில் வைத்து ராணுவ வீரர் மாதிரி நடப்பார். அதனால் கைபேசியில் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய சம்மதத்தோடு. எங்களுக்கு அரை நிமிட வீடியோ ஒரு மணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தியது.

மூன்றாம் படி: 13 அடி தூர நடை

வழக்கமான வேகத்தில் அவர் விநாடிக்கு எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று பார்க்க வேண்டும். மெதுவான நடைக்கு எல்லைக்கோடு விநாடிக்கு 1.1 மீட்டரில் போடப்பட்டிருக்கிறது. நம் ஊரில் எல்லாமே அடிக்கணக்குதான் என்பதால் நான் இப்படி மாற்றிக்கொண்டேன்: 13 அடி தூரத்தை 3.6 விநாடிக்குள் கடந்தால் வேகம் போதும். அதற்கு மேல் ஆனால் மெதுவான நடை.

தெருப்பக்கம் பால்கனி, கடைசியில் அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் ரங்கூன் வீடுகள் இதற்கென்றே கட்டியது போல இருக்கின்றன. 20 அடி நீளத்தைக் காலி செய்யுங்கள். பாய், ஸ்டூல், செருப்பு எதுவும் இருக்கக் கூடாது. நடுவில் உள்ள 13 அடிக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தொடங்கும்போதும் நிற்கும்போதும் நடை மெதுவாகும் என்பதால்தான் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விடுகிறோம். அவர் பாதம் முதல் டேப்பைத் தாண்டும்போது கடிகாரத்தைத் தொடங்கி, அடுத்த டேப்பைத் தாண்டும்போது நிறுத்துங்கள். இரண்டு முறை செய்து சராசரி எடுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாக இருக்கட்டும். கைத்தடி வைத்து நடப்பவர் என்றால் கைத்தடியோடு நடக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், தொடாமல் கூடவே வர வேண்டும். "வேகமா நடங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எப்போதும் நடப்பது போல நடக்கச் சொல்லுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

இந்த மூன்றும் என் கற்பனை அல்ல. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்க்கின்சன் உள்ள 205 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து, 2013-இல் வெளியிட்ட முறை இது. வருடத்துக்குள் விழுந்திருந்தால் 6 புள்ளி. மாதத்துக்குள் கால் உறைந்திருந்தால் 3. நடை மெதுவாக இருந்தால் 2. கூட்டினால் 0 வந்தவர்களில் அடுத்த ஆறு மாதத்தில் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 17. 2 முதல் 6 வரை வந்தால் 51. 8 முதல் 11 வரை வந்தால் 85.

விழுந்ததற்கு மட்டும் 6 புள்ளி ஏன் என்பதைக் கவனியுங்கள். மற்ற இரண்டையும் கூட்டினாலும் 5-தான். நாம் வீட்டில் மூடி மறைக்கும் அதே விஷயம்தான் கணிப்பில் பாதிக்கு மேல் எடை தாங்குகிறது. ஐந்தாவது முறை விழுவதற்கு முன்னால் டாக்டர் கேட்டு நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், அப்பாவின் 11 புள்ளி 5 ஆகியிருக்கும். அவர் நடு வரிசை ஆள் என்று அங்கே பதிவாகியிருக்கும்.

0 வந்தால் கவலை இல்லை என்று அர்த்தமில்லை. நூற்றுக்கு 17 என்பது சின்ன எண் அல்ல. 11 வந்தால் நாளைக்கே விழுவார் என்றும் இல்லை. இது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. எந்த வீட்டில் எவ்வளவு சீக்கிரம் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

எண் சொல்லாததைத் தேடுவது

எங்கே, எப்போது, எதனால் என்று அந்த எண் சொல்லாது. அதற்குத்தான் நோட்டு. ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு வரி போதும்: நாள், மணி, இடம், என்ன செய்துகொண்டிருந்தார், கடைசி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் சாய்ந்தார், காலில் என்ன போட்டிருந்தார். ஐந்தாறு வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். அப்பாவின் ஐந்தில் மூன்று, மாத்திரை நேரத்துக்கு முந்தைய அரை மணியில் நடந்திருந்தன. டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றியதே அந்த நோட்டைப் பார்த்துத்தான்.

ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். படுத்து 5 நிமிடம் கழித்து ஒரு முறை அளந்து பாருங்கள். எழுந்து நின்ற பிறகு 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுந்தவுடன் தலை கிறங்கி விழும் ஆபத்து உண்டு. நோயாலும் வரும், பிரஷர் மாத்திரையாலும் வரும், பார்க்கின்சன் மாத்திரையாலும் வரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எண்களை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை எழும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலை ஆட்டி, ஒரு நிமிடம் கழித்து எழச் சொல்லுங்கள்.

நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்ல நடையை நிறுத்துகிறாரா? அல்லது நடை குழறுகிறதா? அப்படியென்றால் அவருக்கு நடப்பதே முழுக் கவனம் கேட்கும் வேலையாகிவிட்டது. கையில் டீ கிளாஸோடு பேசிக்கொண்டே வருவது அவருக்கு மூன்று வேலை. எங்கள் வீட்டில் இப்போது அப்பா நடக்கும்போது யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

நாற்காலியில் கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 16 விநாடிக்கு மேல் ஆனால் தொடை பலமும் சமநிலையும் குறைந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்துப் பார்ப்பாரே, அந்தச் சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பிடிக்கத் தெரியாமல் இழுத்தால் அதுவே ஒரு விழுதலாகிவிடும்.

இன்னொன்று: நோய் தொடங்கி மூன்று வருடத்துக்குள்ளேயே, சமநிலை தவறி அடிக்கடி விழுகிறார், கீழ்நோக்கிப் பார்ப்பதும் சிரமமாக இருக்கிறது என்றால், அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பார்க்கின்சனைப் போலவே தோன்றும் வேறு நோயாகவும் இருக்கலாம்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

அப்பா நடக்கும் பாதையில் நான் அவரைப் போலவே கால் தேய்த்து நடந்து பார்த்தேன். நாலு நாளில் கண்ணில் படாதது நாலு நிமிடத்தில் பட்டது.

வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல்தான் முதல் எதிரி. ஒரு தட்டு வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். அடுத்தது கைலி. இறங்கி வழியும் கைலியை நடந்துகொண்டே அவிழ்த்துக் கட்டுவது நம் ஆண்களுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழக்கம். அந்த நேரத்தில் இரண்டு கையும் இடுப்பில், கண் கீழே, கால் துணிக்குள். நின்று, முதுகைச் சுவரில் சாய்த்துத்தான் கட்ட வேண்டும் என்று பேசி முடித்தோம். கைலியைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி அம்மா மடித்துத் தைத்தார். கட்டை விரலில் மாட்டும் செருப்பை வெளியே போகும்போது விட்டுவிட்டு, பின்னால் வார் உள்ளதைப் போட வைத்தோம். அதற்கு மட்டும் இரண்டு மாதம் சண்டை.

மாடிப்படியைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம் இருந்தது. செங்குத்தான, இருட்டான படி. ஆனால் கவனித்தபோது அப்பா படிகளில் சுலபமாகவே ஏறினார். படியின் விளிம்பு ஒவ்வொன்றும் "இங்கே வை" என்று காலுக்குச் சொல்வதால், உறையும் கால்கூடப் படியில் நகரும். மாடித் திருப்பத்தில், அந்தச் சதுரமான இடத்தில், திரும்பும்போதுதான் கால் நின்றது. பையன் தூக்கிவிட்டதும் அங்கேதான். அங்கே ஒரு கைப்பிடி போட்டோம். ஒரே காலில் சுழலாமல், அகலமாக அரை வட்டம் போட்டு நாலைந்து அடியில் திரும்பச் சொல்லிக் கொடுத்தோம்.

கரண்ட் போவதைச் சொல்லாமல் பர்மாவில் இதை எழுதவே முடியாது. சமநிலை மங்கியவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார். விளக்கு அணைந்த அந்த நொடியில் அந்தத் துணையும் போய்விடும். கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே நில்லுங்கள், நாங்கள் வருகிறோம் என்பது எங்கள் வீட்டு விதி. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, தானாக எரியும் சார்ஜ் விளக்கு இரண்டு வைத்திருக்கிறோம். ராத்திரி அவசரமாக எழுவது பார்க்கின்சனில் சாதாரணம். கட்டிலடியில் சிறுநீர்ப் பாத்திரம் வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெறுங்காலோடு போகும் இடங்களுக்கும் யோசித்துத்தான் போக வேண்டும். ஷ்வேடகோன் பகோடா தளத்துப் பளிங்கு மழையில் கண்ணாடி மாதிரி வழுக்கும். விரிப்பு போட்ட பாதையிலேயே நடத்திச் செல்லுங்கள். காளி கோயிலுக்கு நாங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டுச் செவ்வாய் மத்தியானம் போகிறோம். பின்னாலிருந்து நெருக்கினால் அவரால் அடி மாற்ற முடியாது. மே முதல் அக்டோபர் வரை படியிலும் நடைபாதையிலும் பாசி படிகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும்.

கால் உறைந்தால்

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு வரும், கால் வராது. நில்லுங்கள் என்று சொல்லுங்கள். நிமிரட்டும். இடது வலது என்று எடையை மாற்றி அசையட்டும். பிறகு "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணி, தரையில் ஒரு கோடு கிடப்பதாக நினைத்து அதைப் பெரிய அடியாகத் தாண்டட்டும். உறையும் கதவு நிலைகளில் குறுக்குக் கோடுகளாக மஞ்சள் டேப் ஒட்டினாலே பலருக்குக் கால் நகர்கிறது.

டாக்டரிடம் போகும்போது

நோட்டு, வீடியோ, மாத்திரைகள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். நாட்டு மருந்தும் அந்தப் பையில் சேரட்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது. சொல்லாமல் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்தின் அளவு எகிறிவிடும். தூக்க மாத்திரை போடுகிறாரென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். எலும்பு பலம் பார்க்க வேண்டுமா, சமநிலைப் பயிற்சிக்குப் பிசியோதெரபி கிடைக்குமா என்று கேளுங்கள். மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சியான தாய்ச்சி பற்றியும் கேட்கலாம்: 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீதம் 24 வாரம் தாய்ச்சி செய்த பார்க்கின்சன் நோயாளிகள், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். இடுப்பு வலித்தாலோ, கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தாலோ அசைக்காமல் ஆள் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மூன்று கேள்விகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மருந்து மாறும்போதும் நாங்கள் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு விஷயம் மனத்தில் இருக்கட்டும்: ஒருமுறை விழுந்தால் அந்த 6 புள்ளி ஒரு வருடம் அப்படியே நிற்கும். அதனால் முன்னேற்றத்தை அந்த எண்ணில் தேடினால் மனம் உடையும். மாதத்துக்கு எத்தனை முறை விழுந்தார், எத்தனை முறை தப்பினார் என்பதைத் தனியாக எண்ணுங்கள். அப்பாவுக்குப் போன மாதம் விழுதல் இல்லை, தப்பியது இரண்டு. இரண்டும் அடுக்களை நிலையில். சாயந்திரம் அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அங்கே இன்னும் டேப் ஒட்டவில்லை. நாளைக் காலையில் ஒட்ட வேண்டும்.